இடது காது வாசல்

ஸைத்தூனி வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கேட்கிற காது தலையணைக்குள் புதைந்து கிடந்தது, கேட்காத காது மேலே மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தது. இப்படிப் படுத்துவிட்டால் போதும், டாங்கா ஊரின் மொத்த மதியமும் அணைந்துவிடும். பக்கத்து வீட்டு ரேடியோ, தெருமுனையில் பைக் டாக்சிக்காரர்கள் போடும் வாய்ச்சண்டை, கொல்லையில் கோழிகளின் புலம்பல், துறைமுகத்திலிருந்து வருகிற அந்த நீளமான ஊதல் எல்லாம் ஒரே அடியாகப் போய், அவளுடைய மூச்சும் நெஞ்சடிப்பும் மட்டும் மிஞ்சும். தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்ட மயக்கத்தில் கண் சொருகிக்கொண்டு வந்தது.

அப்போது யாரோ "ஹோடி" என்றார்கள்.

மெதுவான குரல். நெடுந்தூரம் நடந்து வந்து, வாசலில் நின்று, வியர்வையைத் துடைத்துவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்கிற குரல். அந்தக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு ஹோடி காதில் விழுந்தால் மூளையைக் கேட்டுக்கொண்டா நாக்கு அசையும்? உள்ளே வரச் சொல்ல, ஒருவர் வந்தால் "கரிபு", கூட்டமாக வந்தால் "கரிபுனி", அது தூக்கத்திலும் வந்துவிடும். அந்தச் சொல் கிடைக்காமல் யாரும் படி தாண்டமாட்டார்கள். அன்றைக்கு ஸைத்தூனிக்கு வாய் உலர்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெறும் முனகல்தான் வந்தது. கங்காத் துணியைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

நடை முழுக்க நடந்து தெருக்கதவைத் திறந்தாள். வெயில்தான் நின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டுச் சுவர் ஓரம் ஒரு ஆடு படுத்திருந்தது. கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தாள். கொடியில் புருஷன் கோம்போவின் சட்டைகள் தொங்கின. ஒரு காது போனதிலிருந்து அவளுக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிவதில்லை. தட்டு விழுந்தால் தெருவைப் பார்ப்பாள், புருஷன் முன்வாசலில் கூப்பிட்டால் கிணற்றடிக்கு ஓடுவாள். அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

"யாரோ வந்துட்டுப் போயிட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அறைக்குத் திரும்பியவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

தலையணையில் அவள் தலை அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. ஆழமான பள்ளம். வலது காது அதற்குள்தானே இருந்தது? இரண்டு மீன்காரிகள் தலைமாட்டில் நின்று கத்தினாலும் கேட்டிருக்காதே. பிறகு எதால் கேட்டாள்?

அவள் கட்டிலில் உட்காரவில்லை. சாயங்காலம்வரை கொல்லையில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

வலி இருந்த காலத்தை நினைத்தால் இப்போதும் அவள் கை தானாகக் கன்னத்தை மூடிக்கொள்ளும். இடது கன்னத்தில் திடீரென்று வெட்டும். மின்சாரக் கம்பியைப் பல்லுக்குள் செருகின மாதிரி. கடல்காற்று பட்டால் வெட்டும், ஒரு வாய் தேநீர் பட்டால் வெட்டும், பேசினால் வெட்டும், சிரித்தால் சொல்லவே வேண்டாம். பல் வலி என்று நினைத்து ஒருத்தன் இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் போட்டான், நல்ல பல், கொஞ்சம்கூட சொத்தையில்லை, பாவி! சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, கஞ்சியை உறிஞ்சிக் குடித்து இருந்தாள். கோம்போ பஸ் நிலையத்தில் பார்சல் கட்டுகிறவன், முரட்டுக் கை. அந்தக் கையை அவள் கன்னத்துப் பக்கம் கொண்டுவரவே பயந்துபோய், பக்கத்தில் படுத்தாலும் ஒரு முழம் தள்ளியே படுத்தான்.

தாருஸ்ஸலாமில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் லேமாதான் கண்டுபிடித்தார். "பல்லுல ஒண்ணும் இல்லம்மா. மண்டைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் முக நரம்பைப் போய்ப்போய் இடிச்சுக்கிட்டிருக்கு. காதுக்குப் பின்னாடி சின்ன ஓட்டை போட்டு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பஞ்சுத் துணுக்கை வெச்சுட்டா சண்டை தீர்ந்துடும்" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார், ஒளிக்கவில்லை. "கேக்குற நரம்பு பக்கத்துலயே ஓடுது. ரொம்ப ரோஷக்காரி. லேசா இழுபட்டாலும் கோவிச்சுக்கிட்டுப் போயிடும். சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராது."

"காது போனாப் போகட்டும் டாக்டர், ரெண்டு இருக்கே" என்று அவளே சொன்னாள். வலியில் கேட்டிருந்தால் தலையையே கழற்றிக் கொடுத்திருப்பாள்.

வலி போயே போய்விட்டது. கண் விழித்த அன்றே தேநீர் குடித்தாள், அழுதுகொண்டே குடித்தாள். காதும் போயிற்று. முதலில் தண்ணீர் புகுந்த மாதிரி அடைப்பு. குனிந்தால் உள்ளே ஏதோ உருளும், தொண்டையில் உப்புத் தண்ணீர் சொட்டும். அது நின்றது. பிறகு ரீங்காரம். அதுவும் தேய்ந்தது. கடைசியில் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அவள் பேசினால் அவள் குரலே உள்ளறையிலிருந்து யாரோ பேசுவது மாதிரி அவளுக்குக் கேட்கும். அது பழகிவிடும் என்றார்கள். தழும்பு மட்டும் காதுக்குப் பின்னால் வளைவாக, விரலுக்குத் தட்டுப்படும்படி இருந்தது.

கோம்போ வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், அவள் இடது கன்னத்தைத் தொட்டது. பயந்து பயந்து, சூடு பார்க்கிறவன் மாதிரி ஒரு விரலை வைத்தான். அவள் சிரித்ததும் முழுக்கையையும் வைத்துவிட்டு, "இனிமே இது என் கன்னம்" என்றான். இதைத்தான் அவள் மீட்டுக்கொண்டு வந்திருந்தாள். இந்தக் கன்னம், இந்தக் கை, வாய் நிறையச் சோறு. இதைப் போய் யாராவது திரும்பக் கேட்டால் சும்மா விடுவாளா?

*

அது மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

எப்போதும் மதியம், ஊர் படுத்துக்கிடக்கிற நேரம். அவள் வலது பக்கம் படுப்பதை விட்டுவிட்டாள். அப்போதும் வந்தது. பாத்திரம் தேய்க்கும்போது, வெங்காயம் அரியும்போது, தொழுகைக்குத் தண்ணீரில் கால் கழுவும்போது. "ஹோடி." கொஞ்சம் இடைவெளி. "ஹோடி." இன்னும் கொஞ்சம் இடைவெளி. "ஹோடி." மூன்று தடவை. பிறகு காலை மாற்றி வைக்கிற சத்தம், ஒரு சின்னப் பெருமூச்சு, அமைதி. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. அதட்டவில்லை, கெஞ்சவில்லை. வந்த விருந்தாளி நடந்துகொள்ள வேண்டிய முறைப்படி நடந்துகொண்டது. மரியாதை தெரிந்திருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கோம்போவிடம் சொன்னாள். "ஏங்க, என் செவிட்டுக் காதுல யாரோ ஹோடி சொல்றாங்க."

அவன் வாழைக்காய்க் கறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கடன்காரனா இருக்கப் போறான். நான் இல்லேன்னு சொல்லிடு."

"விளையாடாதீங்க."

"சரி, நீ என்ன பதில் சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை."

"பாரு, வீடு தேடி வந்தவங்களை இப்படியா நிக்க வெப்பே?" என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "டாக்டரைப் பார்க்கத்தான் போறோமே. அவருகிட்ட சொல்லு. இப்போ சாப்பிடு."

பக்கத்து வீட்டு சௌசிக்கு என்கிற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மரவள்ளி வறுத்து விற்கிறவள், ஊர் வம்பெல்லாம் அவள் எண்ணெய்ச் சட்டியைத் தாண்டித்தான் போகும். வாயும் சும்மா இருக்காது. அவளே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீ கரிபு சொல்லிட்டியாடி?"

"இல்லக்கா."

"சொல்லாதே. எதுவா இருந்தாலும் மூணு தடவை கூப்பிட்டு, பதில் இல்லேன்னா திரும்பிப் போய்த்தான் ஆகணும். அதுதான் முறை. நீ சொல்லாதவரைக்கும் அது வாசல்லதான் நிக்கும்."

"எந்த வாசல்லக்கா?"

சௌசிக்கு அக்கா அவள் காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைப் பார்த்தாள். பிறகு வேறெங்கோ பார்த்தாள். "இந்தா, சூடா இருக்கு, ரெண்டு துண்டு தின்னு" என்றாள்.

*

சொல்லாதே என்று சொல்வது சுலபம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்! பால்காரன் ஹோடி, கரி விற்கிறவன் ஹோடி, உப்பு கேட்டு வருகிறவள் ஹோடி, நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஹோடி. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நாக்கு நுனிவரை அந்தச் சொல் ஓடி வரும், பல்லைக் கடித்து நிறுத்துவாள். எங்கேயிருந்து வருகிறது என்றுதான் தெரியாதே. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஹோடி கேட்டதும் வலது காதை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொள்வாள். அடுத்த ஹோடி கேட்காவிட்டால் வந்திருப்பது மனுஷர். கையை எடுத்துவிட்டுப் பதில் சொல்லலாம். மூடியும் கேட்டால், வாயையும் மூடிக்கொண்டு நிற்க வேண்டியது.

ஒரு நாள் மூடியும் கேட்டது. அடுப்படியில் கையில் அகப்பையோடு நின்றாள். "ஹோடி." தெருக்கதவு அளவு தூரத்திலிருந்து இல்லை இப்போது. நடையிலிருந்து கேட்டது. அவள் வீட்டு நடை இல்லை. அவள் வீட்டு நடையில் எதிரொலி கிடையாது. இது குறுகலான நடை, ஈரமான சுவர், கூரை தாழ்வு. அங்கே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கோம்போவை நச்சரித்து வாசலில் ஒரு மின்சார மணி மாட்டச் சொன்னாள். மணி அடித்தால் மனுஷர் என்று தெரியுமே. தெருவே கைகொட்டிச் சிரித்தது. "தாருஸ்ஸலாம் போய் வந்ததும் மணி கேக்குதாமே மகாராணிக்கு" என்றார்கள். ஒருத்தரும் மணியைத் தொடவில்லை. வாசலில் நின்று பழையபடி ஹோடி என்றார்கள், பதில் வரத் தாமதமானால் உதட்டைச் சுழித்துக்கொண்டு போனார்கள். கோம்போவுக்கு முகம் வாடியது. "ஸைத்தூ, வர்றவங்களுக்கு வாய் திறந்து ஒரு கரிபு சொல்றதுல என்ன குறைஞ்சு போகுது? மனுஷன் தெருவுல தலைகாட்ட வேணாமா?" என்றான். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசவே அவளுக்குப் பயமாகிவிட்டது. பேச்சுவாக்கில் அந்தச் சொல் நழுவிவிட்டால்?

*

தாருஸ்ஸலாமில் காது சோதிக்கிற அறை ஒரு அலமாரி அளவுதான் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு, தடிக்கதவு, சின்னக் கண்ணாடி சன்னல். அதற்கு அந்தப் பக்கம் பரிசோதிக்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்ட, அமைதியான பெண்.

"நல்ல காதுல மழை பெய்யிற மாதிரி ஒரு சத்தத்தைப் போட்டு அடைச்சுடுவேன். அந்தக் காது குறுக்கே பேசக் கூடாதில்ல? இடது காதுல பீப்னு ஏதாவது கேட்டா இந்தப் பொத்தானை அழுத்துங்கம்மா. லேசாக் கேட்டாலும் அழுத்துங்க."

காதுகளில் ஹெட்ஃபோன் ஏறியது, கதவு மூடிக்கொண்டது. தாழ் விழுந்ததைப் பார்த்தாள், கேட்கவில்லை. வலது காதில் மழை கொட்ட ஆரம்பித்தது. தகரக் கூரையில் பெய்கிற மாதிரி சோவென்று. இடது பக்கம் ஒன்றுமில்லை. இருட்டறைக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கமே கவனத்தை வைத்திருந்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

பிறகு ஒரு காலடி.

மழையிலிருந்து உள்ளே ஒதுங்கி வருகிறவர்களின் காலடி. செருப்பு ஈரத்தில் சளக் என்றது. இன்னொன்று. இன்னொன்று. கட்டைவிரல் தானாகப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. நெருங்கி வந்தது. நின்றது. எங்கே நின்றது என்று அவளுக்குத் தெரிந்தது. தழும்புக்கு நேர் உள்ளே. தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தம்.

"ஹோடி, ஸைத்தூனி."

பெயர் தெரிந்திருந்தது.

அவள் கண்ணாடியில் அடித்தாள். அந்தப் பெண் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஸைத்தூனி நாக்கைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்தாள். உப்பாக ரத்தம் வந்தது. கரிபு, கரிபு, கரிபு என்று தொண்டைக்குள் அது முட்டிக்கொண்டு நின்றது. வாந்தியை அடக்குகிற மாதிரி அடக்கினாள். "ஹோடி." மழை. "ஹோடி." மழை. பெருமூச்சு.

கதவு திறந்தபோது அவள் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். டாக்டர் லேமா பொறுமையாக எடுத்துச் சொன்னார். இடது காதில் கேட்கும் திறன் சுத்தமாக இல்லை. கேட்காத காதுக்கு மூளை சும்மா இருக்காமல் தானே சத்தம் உண்டாக்கிக் காட்டும், நிறையப் பேருக்கு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. எல்லாம் நியாயமான பேச்சு. கிளம்பும்போது பரிசோதனைப் பெண் மட்டும் மெதுவாகக் கேட்டாள். "ஒண்ணு கேக்கட்டுமாம்மா? நான் சத்தமே அனுப்பாதப்போ பொத்தானை அழுத்திட்டே இருந்தீங்க. அதுவும் ஒரே சீரா. யாரோ நடந்து வர்ற மாதிரி."

ஸைத்தூனி கோம்போவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை விடவில்லை.

*

அதன் பிறகு அது வரவில்லை.

ஒரு மதியம் போயிற்று. இன்னொன்று போயிற்று. அவள் காதைக் கையால் மூடி மூடிப் பார்த்தாள். அமைதி. மனுஷர் கூப்பிட்டால் மனுஷர்தான் இருந்தார்கள். சோறு இறங்கியது. சன்னலைத் திறந்து கடல்காற்றில் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். டாக்டர் சொன்னதுதான் சரி போல, மூளையின் கூத்து, இதற்குப் போய் இந்தப் பாடு பட்டோமே என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. கோம்போ மணியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டான்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆண்கள் திரும்புவதற்கு முன், வாசலில் ஒரே கலகலப்பு. "ஹோடி! ஹோடி! ஹோடி, வீட்டுக்காரம்மா!" சௌசிக்குவின் குரல், கூடவே தெருப் பெண்களின் குரல்கள். சமாதானமாகப் போகலாம் என்று பலகாரம் சுட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நடைவரை ஏலக்காயும் வறுத்த தேங்காயும் மணத்தன.

அவள் பழக்கத்தில் வலது காதை மூடினாள். சுத்தமான அமைதி. கையை எடுத்தாள். கலகலப்பு. மறுபடி மூடினாள். அமைதி. மனுஷர்கள்! தன் தெருப் பெண்கள்! மனசு அப்படியே பொங்கிவிட்டது அவளுக்கு. கோபித்துக்கொண்டு போனவர்கள் வீடு தேடி வந்துவிட்டார்கள். கண்ணில் தண்ணீர் முட்ட, காதிலிருந்து கையை எடுக்கக்கூட மறந்து, வாய் நிறையக் கூவினாள்.

"கரிபு!"

மூடிய காதுக்குள் அவள் குரல் உள்ளறையிலிருந்து கேட்டது. அது ஓய்ந்தது.

இடது பக்கம், செருப்பைக் கழற்றுகிற சத்தம்.

ஒன்று. பிறகு மற்றது. இரண்டையும் ஜோடி சேர்த்து ஓரமாக வைக்கிற சத்தம். வெறுங்கால் ஒன்று தரையில் பதிகிற சத்தம்.

"ஏன்டி," சௌசிக்கு அக்கா திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஸைத்தூனி உதடுகளைப் பார்த்தாள். எப்போது கையை எடுத்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. "இத்தனை பேர் தட்டும் கையுமா நிக்கிறோம், கரிபுனி சொல்லத் தெரியாதா உனக்கு? ஒருத்தருக்கு மட்டும் கரிபுன்னா யாருக்குடி அது? மிச்சப் பேரெல்லாம் திரும்பிப் போயிடணுமா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

போங்கள், உள்ளே வராதீர்கள், அக்கா, அது வந்துவிட்டது, என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கத்தினாள் ஸைத்தூனி.

"வாங்க, வாங்க, எல்லாரும் உள்ளே வந்து உக்காருங்க" என்றது அவள் வாய்.

நல்ல தெளிவான குரல். நடுக்கமில்லை. கை அதுபாட்டுக்குப் பாய் விரித்தது. கால் அதுபாட்டுக்கு அடுப்படிக்குப் போயிற்று. அவள் கையை நிறுத்தப் பார்த்தாள். கை கேட்கவில்லை. நாக்கைக் கடிக்கப் பார்த்தாள். பல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பெண்களின் பேச்சு தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது, நடையின் அந்தக் கோடிக்கு, கதவுக்கு அந்தப் பக்கத்துக்கு. சுற்றிலும் ஈரம். கூரை தலையில் இடித்தது. சுவர் மெதுவாக அடித்துக்கொண்டது, நெஞ்சு அடிப்பது மாதிரி. கால் கீழே உப்புத் தண்ணீர்.

"முகத்துல எவ்வளவு தெளிவு வந்துடுச்சு பாரு" என்று சௌசிக்கு அக்கா யாரிடமோ சொல்வது கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ், பழைய ஸைத்தூனி திரும்பி வந்துட்டா."

*

கோம்போ வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. தெருவில் எல்லாரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்க வேண்டும், குரலில் குஷி. தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி நின்றுகொண்டு, "ஹோடி, அம்மா, உள்ளே வரலாமா?" என்றான்.

"கரிபு" என்றது அவள் வாய், கொஞ்சிக்கொண்டு.

வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த முரட்டுக் கையை இடது கன்னத்தில் வைத்தான். இருட்டில் நின்றவளுக்குக் கையின் சூடு தெரியவில்லை. தோல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் முகமே நெருங்கி வந்தது. அவன் மூச்சு சுவருக்கு அந்தப் பக்கம், அவ்வளவு கிட்டத்தில். ஒரு தட்டு தட்டினால் போதும்.

அவள் தடவித் தடவி அந்தக் கோடிவரை போனாள். சுவர் மெல்லியதாக, தோல் போல விறைப்பாக இருந்தது. இரண்டு கையாலும் தட்டினாள்.

"ஹோடி!"

கோம்போ தலையைத் தூக்கினான். "ஏதாவது சொன்னியா?"

"இல்லையே."

"என்னமோ கேட்டுச்சே." அவன் குனிந்து, தன் காதை அவள் இடது காதோடு ஒட்டிவைத்தான். ஸைத்தூனி உயிரை எல்லாம் திரட்டிக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்தச் சொல்தான் வந்தது. வாசலில் நிற்கிறவர்களுக்கு வேறு சொல் கிடையாது போலிருக்கிறது.

"ஹோடி!"

"உள்ளே என்னமோ லேசா…" என்றான் அவன். கரிபு சொல்லுங்க. ஒரு தடவை. விளையாட்டுக்காவது சொல்லுங்க. "…பூச்சி மாதிரி."

"காத்துதான்" என்று சிரித்தது அவள் வாய். "காத்து புகுந்தா அப்படித்தான் இருக்கும். அந்தப் பஞ்சை எடுங்க, அடைச்சுடலாம்."

அவன் எழுந்து போய்ப் பஞ்சை எடுத்து வந்தான். அவளுடைய விரல்களே அதைப் பிய்த்து, உருட்டி, எண்ணெயில் தோய்த்தன. எண்ணெய் வாசனை நடை முழுக்கப் பரவியது. வெளிச்சம் என்று மிஞ்சியிருந்த அந்தச் சின்ன வட்டத்தில் வெள்ளையாக ஒன்று வந்து நின்றது. சுழன்று சுழன்று உள்ளே இறங்கியது.

"ஹோடி!"

மூன்றாகிவிட்டது. மரியாதை தெரிந்தவர்கள் அதற்குமேல் கூப்பிடமாட்டார்கள், திரும்பிப் போய்விடுவார்கள்.

முழு இருட்டில், ஈரச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு, ஸைத்தூனி நான்காம் தடவை கூப்பிட்டாள்.